துறையில் தொங்கிய திரை

நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகும் வரைக்கும் அந்தப் பின் அறையில் சிலைகள் இருப்பதே எனக்குத் தெரியாது.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சிறிய அருங்காட்சியகம் அது. கூட்டித் துடைக்க நானும் கண்ணகையக்காவும். நான் காத்தான்குடியில் இருந்து பஸ்ஸில் வருவேன். அவர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருந்து வருவார். பகல் லுஹர்த் தொழுகைக்கு எனக்கு அந்தப் பின் அறையைத்தான் காட்டினார்கள். பழைய சாமான் வைக்கிற அறை. போகும்போதெல்லாம் தரை கூட்டியிருக்கும். மேற்குச் சுவரோரம், நான் முகம் வைக்கும் பக்கம், வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ நிற்கும். தூசி படாமல் மூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கொஞ்சம் முந்திப் போய்விட்டேன். கதவு சாத்தியும் சாத்தாமலும் இருந்தது. உள்ளே கண்ணகையக்கா கால்விரலில் எம்பி நின்றுகொண்டு, ஆள் உயரத்தில் கண்ணை உருட்டிப் பார்க்கும் இரண்டு மர வாயிற்காவலர் மேல் பழைய வெள்ளைச் சேலைத் துண்டுகளைப் போர்த்திக்கொண்டிருந்தார். போர்த்தும்போது மெல்லிய குரலில் சொன்னார்: "கொஞ்ச நேரம் பொறுங்க ராசா. அந்தப் புள்ள தொழுது முடியும் மட்டுந்தான்."

நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன். தொழுது முடித்து நான் சோற்றுப் பெட்டியைத் திறக்கும் நேரம், அவர் ஏதோ மறந்த சாமானை எடுக்கப் போகிறவர் போல அந்த அறைக்குள் போவார். துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு வருவார். எட்டு வருசம் இப்படி நடந்தது. அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்ணகையக்கா காலமாகி ஏழு மாதம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத எனக்குப் பெரிய படிப்பு இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதை எழுதாமல் விட்டால் இறைவனுக்கு முன்னால் எனக்கு ஒரு கடன் நிற்பது போல இருக்கிறது.

அவருடைய ஊர்ப் பேரை நான் எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

மெலிந்த ஆள். வெற்றிலை போடுவார். புருசன் இளவயதில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகளை வயல் வட்டையில் கதிர் வெட்டி, களத்தில் நெல் தூற்றி வளர்த்துக் கல்யாணமும் செய்து கொடுத்தார். உடம்பு வயல் வேலைக்குத் தாங்காமல் போன பிறகுதான் அருங்காட்சியகத்துக்கு வந்தார். காலையில் வாவியைக் கடக்க மோட்டார் பூட்டிய தட்டையான பெரிய படகு ஒன்று உண்டு. ஆளும் மாடும் மோட்டார் சைக்கிளும் ஏறுகிற படகு. எங்கள் பக்கத்தில் அதைப் 'பாதை' என்போம். ஏழு மணிப் பாதையை அக்கா ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அவருடைய ஊரில் ஒரு கண்ணகை அம்மன் கோயில். அந்த அம்மன் பேரைத்தான் அவருக்கும் வைத்தார்கள். வருசம் முழுக்க அந்தக் கோயில் கதவு பூட்டியே கிடக்கும். வைகாசியில் கதவு திறந்து ஏழு நாள் சடங்கு நடக்கும். ஏழாம் நாள் அம்மனைக் குளிரப்பண்ணும் குளிர்த்தி ஆடி முடிந்ததும் மறுபடியும் சாத்திவிடுவார்கள். அந்த ஏழு நாளும் தவிர, அம்மனின் முகத்தை, வெள்ளியில் செய்த அந்த முகக்களையை, பூசை செய்கிற கட்டாடியார்கூடப் பார்க்கமாட்டார். கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு வேலை உண்டு. குடி என்பது தாய்வழியாக வரும் வம்சம். கண்ணகையக்காவின் குடிக்குக் கிடைத்தது திரை தைக்கும் வேலை. அம்மன் முன்னால் தொங்கும், சிவப்புக் கரை வைத்த வெள்ளைத் திரையை வருசா வருசம் அவர்தான் கையால் தைப்பார். அதற்குத் துணியை நான் காத்தான்குடிக் கடையில் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

ஒன்றரை வருசத்துக்கு முன் எங்கள் அருங்காட்சியகத்துக்குப் புதிய வேலை ஒன்று வந்தது. கடல் கடந்த ஒரு நாட்டில் பெரிய அருங்காட்சியகம் ஒன்று. வெள்ளைக்காரர் காலத்தில் மட்டக்களப்புப் பகுதியில் இருந்து கொண்டுபோன சாமான்கள் அங்கே அறுநூறுக்கு மேல் இருக்கின்றனவாம். எல்லாவற்றையும் படம் எடுத்து, யாரும் பார்க்கலாம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று இணையத்தில் திறந்து விட்டிருந்தார்கள். பல படங்களுக்கு விபரம் இல்லை. அதனால் செயற்கை நுண்ணறிவு என்கிற கணினி மூளையைக் கொண்டு விபரம் எழுதுவித்திருந்தார்கள். அது படத்தைப் பார்த்து, இது இன்ன சாமான் என்று தமிழிலேயே எழுதிவிடும். எழுதினது சரியோ பிழையோ என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பொறுப்பாளர் விஜிதரன் சேர் கெட்டிக்காரர். கணினியில் வேலை செய்யும் வதனி என்ற பிள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். "பட்டம் படிச்ச ஆக்களுக்கு இந்தச் சாமான் தெரியாது. நீங்க பாவிச்ச ஆக்கள். பாத்துச் சொல்லுங்க," என்றார்.

முதல் நாள் நாங்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

"குழந்தைகள் ஏறி விளையாடும் மரக்குதிரை," என்று வதனி வாசித்தாள். படத்தில் இருந்தது தேங்காய் திருவுகிற திருவலை.

"ஏறிப் பாக்கச் சொல்லு அந்த மிசின," என்றார் கண்ணகையக்கா. "எங்க குத்தும் எண்டு மறுகா அதுக்கே தெரியும்."

அடுத்தது இறால் வடிக்கிற அத்தாங்கு. கைப்பிடி வைத்த சிறிய வலை. அதற்கு 'வண்ணத்துப்பூச்சி பிடிக்கும் வலை' என்று எழுதியிருந்தது.

"எங்கட வாவியில இறால் பறக்குது எண்டு நினைச்சிட்டுது போல," என்றேன் நான்.

"சிரிக்காத புள்ள, அதுவும் பாவம்," என்றார் அக்கா. "ஊருக்குப் புதுசு. ஆரும் சொல்லிக் குடுக்காட்டி அதுக்கு எப்பிடித் தெரியும்?" சொல்லிவிட்டு, அத்தாங்கை எப்படிப் பிடிப்பது, எந்தக் காற்றுக்கு இறால் கரைக்கு வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வதனி தட்டிக்கொண்டே இருந்தாள். இப்படி ஒரு மாதம் போனது. அக்காவுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. காலையில் கூட்டுகிற வேலையைப் பாதி நேரத்தில் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை. வதனி அடுத்த படத்தைத் திறந்து வாசித்தாள். "நாடக முகமூடி. கூத்தில் பெண் வேடம் போடுவோர் அணிந்தது. வெள்ளி."

நான் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கண்ணகையக்கா எழும்பி, தோளில் கிடந்த முந்தானையை இழுத்துக் கணினித் திரை மேல் போட்டுவிட்டார்.

"மூடு புள்ள! மூடு!"

"என்ன அன்ரி? என்ன நடந்த?" வதனி பயந்துபோனாள்.

"இது மாசி மாசம். மூடு எண்டுறன்."

வதனி படத்தை மூடிய பிறகும் அவர் முந்தானையை எடுக்கவில்லை. விபரத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். எந்த ஊரில் எடுத்தது என்று அதில் இருந்தது. அது அவருடைய ஊர்.

பிறகுதான் எங்களுக்குச் சொன்னார். நிலம் அளக்க வந்த துரை ஒருவர், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கோயிலின் பழைய முகக்களையை வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவே இல்லையாம். இப்போது கோயிலில் இருப்பது அதற்குப் பிறகு செய்தது. ஊரில் இருக்கிற ஒருவரும் பழைய முகத்தைக் கண்டதில்லை.

அன்று பின்னேரமே விஜிதரன் சேரின் மேசைக்கு முன் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"தம்பி, அந்தப் படத்த மூடச் சொல்லி அவங்களுக்கு எழுதுங்க."

சேர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். "அக்கா, நூறு வருசத்துக்கு மேல அவங்கட அலுமாரியில பூட்டிக் கிடந்த சாமான். இப்பதான் திறந்து விட்டிருக்காங்க. இதுக்காக எத்தின பேர் எத்தின வருசம் கேட்டுப் போராடின தெரியுமா? திறந்த தரவு எண்டா பூட்டு இல்ல. திறந்ததப் போய் நாங்களே மூடுங்க எண்டு கேக்கிறதா?"

"மூடியே வைக்கச் சொல்லல்ல தம்பி. எப்ப திறக்கிற எண்டத நாங்க சொல்லுறம் எண்டு சொல்லுறன்."

வதனி இடையில் வந்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "அன்ரி, திறந்து கிடக்கிறதப் பாத்துத்தான் இந்த மிசினெல்லாம் படிக்கிற. படத்த மூடினா, ஏற்கனவே வெளியில போன கொப்பியில கூத்து முகமூடி எண்டுதான் கிடக்கும். உலகம் முழுக்க அப்பிடியே சொல்லும். மூடுறதால பிழை திருந்தாது."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கும்போது வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிடுவார்.

"அப்ப பேரப் படிக்கட்டும். ஆர், எந்த ஊர், எந்த நாளில கதவு திறக்கிற, எப்பிடிக் கும்பிடுற, எல்லாத்தையும் நான் சொல்லித் தாறன், நீ எழுது. வாசிக்கட்டும். முகத்துக்கு மட்டும் வைகாசி வரைக்கும் பொறுக்கட்டும். மனிசர் நாங்க வருசம் முழுக்கப் பொறுக்கிறம். மிசினுக்குப் பொறுக்க ஏலாதாமா?"

சேர் சிரித்துவிட்டார். ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

எங்கள் மார்க்கம் வேறு. உருவத்துக்கு முன்னால் குனிகிறவள் நான் இல்லை. ஆனால் ஒரு முகத்தை எங்கே திறப்பது, எப்போது மூடுவது என்பது அந்த முகத்துக்கு உரியவர்களின் விசயம். அதை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. காத்தான்குடியில் பஸ் ஏறும்போது முகத்தை மூடி, எந்த வாசலுக்குள் திறக்கலாம் என்று நானே தீர்மானிக்கிறவள். அதனால் சேரைப் பார்த்துச் சொன்னேன்: "சேர், அக்கா கேக்கிறது பெரிய விசயம் இல்ல. ஒருக்கா எழுதிப் பாருங்களன்."

சேர் மேசையைத் தட்டி யோசித்துவிட்டு, "கூட்டுற அக்கா சொன்னவ எண்டு எழுத ஏலாது. கோயில் நிருவாகத்தின்ர கடிதம் வேணும். வண்ணக்கர் கையெழுத்து வச்சுத் தந்தா அனுப்புறன்," என்றார்.

வண்ணக்கர் என்றால் கோயிலை நடத்துகிறவர். பேர் கனகசிங்கம். அக்காவுக்கு மச்சான் முறை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாதையில் அக்கரைக்குப் போனேன், துறையில் நின்ற அக்கா என்னை வண்ணக்கர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வண்ணக்கர் முற்றத்துக் கதிரையில் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். அக்கா வாயைத் திறக்க முந்தியே அவர் போனை எடுத்து நீட்டினார்.

"இஞ்ச பார் கண்ணகை! லண்டனில இரிக்கிற நம்மட பொடியன் ஒருத்தன் அனுப்பினவன். நம்மட ஊர்ப் பேரத் தேடினா முதல்ல இதுதான் வருதாம்!"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ட அப்பா காணல்ல, அவர்ர அப்பா காணல்ல. நான் கண்டிட்டன்," என்றார் வண்ணக்கர். சொல்லும்போது குரல் உடைந்தது. பொய் இல்லை, அந்த மனுசனின் கண் நனைந்திருந்தது. "இனி ஊர் முழுக்கக் காணணும். இந்தப் படத்த நாலு பெனர் அடிக்கக் குடுத்திரிக்கன். துறையில ஒண்டு, சந்தியில ஒண்டு."

"மச்சான்," என்றார் அக்கா, "நூறு வருசம் கழிச்சு ஒரு பொம்புள வீட்ட திரும்பி வாறா எண்டு வைங்க. உள்ள கூப்பிட்டுப் பாய் போடுவீங்களா, நடுறோட்டில நிப்பாட்டி வைப்பீங்களா?"

"நீ எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிரிப்பாய்."

"வைகாசி வரைக்கும் அந்தப் படத்த மூடச் சொல்லி ஒரு கடிதம் வேணும், கையெழுத்து வைங்க மச்சான்."

"வைக்கமாட்டன். அம்மன் திரும்பி வந்தத மூடு எண்டு என்ட கையால எழுதுறதா?"

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "சரி. தேத்தண்ணி நல்லா இரிந்திச்சு," என்று சொல்லி எழும்பினார். அவ்வளவுதான். என்னை இக்கரையில் விட அக்காவும் பாதை ஏறினார். பாதை நடு வாவிக்கு வந்ததும் என்னைப் பார்த்து, "ஸஹீதா, இந்த வருசம் துணி ரெண்டு மடங்கு வேணும்," என்றார்.

சித்திரை பிறந்ததும் அக்கரைத் துறையில் பெனர் ஏறிவிட்டது. பாதை வந்து அணைகிற இடத்தில், இரண்டு தென்னங்குற்றியில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் அந்த வெள்ளி முகம். கீழே காசு கொடுத்தவர்களின் சின்னச் சின்னப் படங்கள். மூலையில் வண்ணக்கர் கைகூப்பியபடி. அக்கா தினமும் காலையில் முகத்தைக் குனிந்துகொண்டு அதைக் கடந்து வருவார். பகலில் சாப்பாட்டு நேரத்தில் பின் அறையில் இருந்து தைப்பார். வெள்ளைத் துணி, சிவப்புக் கரை. நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். தைக்க மட்டும் விடமாட்டார். திரையில் ஊசி குத்துவது அந்தக் குடி மட்டும்தான்.

"பெனரக் கிழிச்சா ஒரு நிமிச வேலை," என்றேன் ஒரு நாள்.

"முகத்தில கத்தி வைக்கிறதா?" என்றார். நான் அடுத்த ஊசியில் நூல் கோத்தேன்.

பன்னிரண்டு நாளில் தைத்து முடித்தார். அடுத்த சனிக்கிழமை காலை என்னையும் அக்கரைக்கு வரச் சொன்னார். நான் ஆறரைப் பாதையில் போய் இறங்கும்போது அக்கா குளித்து, ஈரத் தலையோடு, திரையைத் தலையில் சுமந்துகொண்டு துறைக்கு வந்தார். பாதை ஓட்டுகிற நல்லரத்தினம் கயிறு ஒன்றைத் தூக்கிப்போட்டார். "நான் கட்டல்ல, கயிறு மட்டுந்தான் தந்த. மறுகா என்னச் சொல்லப்படா," என்றார். அக்கா தானே ஏணியில் ஏறிக் கட்டினார். காற்று இல்லாத காலை. வெள்ளைத் திரை நேராக விழுந்து, பெனரை மூலை முடுக்கு மிச்சமில்லாமல் மூடிவிட்டது.

ஏழு மணிப் பாதைக்கு வந்த சனம் முதலில் சிரித்தது. "ஆருக்கு அக்கா இவ்வளவு பெரிய சேலை?" என்று ஒருவன் கேட்டான். சந்தைக்குப் போகிற பெண்கள் சிவப்புக் கரையைக் கண்டதும் சிரிப்பை விட்டுவிட்டார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். மற்றவள் கூடையில் இருந்த பூவில் ஒரு பிடியை எடுத்துத் திரைக்குக் கீழே வைத்தாள்.

யாரோ சொல்லி வண்ணக்கர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"ஆரு கட்டின? அவுருங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"கண்ணகை! கோயில்ல கட்டுற திரையக் கொண்டுவந்து றோட்டில கட்டுறியா? உனக்கு என்ன விசரா?"

"கோயில்த் திரை வீட்ட இரிக்கி மச்சான். அத வைகாசியில தருவன். இது இவவுக்கு."

"இது பெனர்!"

"என்னத்தில நிண்டா என்ன. முகத்தக் கண்டு உங்களுக்குக் கண்ணால தண்ணி வந்ததானே?" அக்கா ஏணியை எடுத்து அவர் பக்கம் சாய்த்து வைத்தார். "திரை என்ட குடி தைச்சது. கட்டினா, கதவு திறக்கிற அண்டைக்குக் கட்டாடியார் விலக்கும் வரைக்கும் ஒருத்தரும் தொடப்படா. அது உங்கட அப்பா சொன்ன சட்டம், எனக்குச் சின்னனில அடிச்சுச் சொன்ன சட்டம். தொடலாம் எண்டா தொடுங்க. நான் தடுக்கல்ல."

வண்ணக்கர் ஏணியில் ஒரு கால் வைத்தார். கையை நீட்டினார். திரைக்கும் கைக்கும் ஒரு சாண் இடைவெளி. அங்கேயே கை நின்றுவிட்டது. நான் என் மனசுக்குள் இறைவனை அழைத்துக்கொண்டிருந்தேன். யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேருக்காகவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்து நல்லரத்தினம் பாதைக்குள் இருந்து கூப்பிட்டார்: "வண்ணக்கரே, மூலையில இரிக்கிற உங்கட முகமும் வைகாசிக்குத்தானா திறக்கும்?"

துறை முழுக்கச் சிரித்தது. வண்ணக்கர் கீழே இறங்கினார். கோபத்தில் முகம் கறுத்திருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்தவர் கொஞ்ச தூரம் போய் நிறுத்தினார். திரையைத் திரும்பிப் பார்த்தார். மடித்துக் கட்டியிருந்த சறத்தை இறக்கி விட்டு, நின்ற இடத்தில் நின்றே கைகூப்பினார். பிறகு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவரே அருங்காட்சியகத்துக்குக் கடிதத்தோடு வந்தார். மற்ற மூன்று பெனரையும் சுருட்டி வைத்துவிட்டாராம். கடிதத்தை விஜிதரன் சேர் சத்தமாக வாசித்தார். இப்படிச் செய்ய வேண்டும் என்று தனக்கே தோன்றியதாக வண்ணக்கர் எழுதியிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"இரிக்கட்டும்," என்றார் காதோடு. "கையெழுத்து வடிவா விழுந்திரிக்கி."

சேர் அதை மொழிபெயர்த்து அனுப்பினார். வதனி திரையின் படத்தையும் சேர்த்தாள். இரண்டு கிழமை பதில் இல்லை. அக்கா தினமும் காலையில் வதனியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், வதனி இல்லை என்று தலையை ஆட்டுவாள். வைகாசிச் சடங்குக்குப் பத்து நாள் இருக்கும்போது பதில் வந்தது. அந்த நாட்டில் இருக்கும் பொறுப்பான ஒரு அம்மா நீளமாக எழுதியிருந்தார். இப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லை என்றும், தாங்களே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். படத்தை மூடுவதாகவும், இனிக் கணினி மூளைகள் படிப்பதற்குக் கொடுக்கும் படங்களில் அதைச் சேர்க்காமல் விடுவதாகவும் சொன்னார். ஏற்கனவே வெளியில் போன கொப்பிகளைத் திருப்பி எடுக்கத் தங்களால் முடியாது, அதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் இருந்தது.

"போனது போகட்டும்," என்றார் அக்கா. "கைக்கு எட்டின கதவச் சாத்துவம்."

ஒரு கேள்வியும் இருந்தது. எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை திறக்க வேண்டும்? ஒருமுறை சொன்னால் கணினியில் போட்டுவிடுவார்களாம், வருசா வருசம் தானாகத் திறந்து தானாக மூடும்.

"ஏலாது," என்றார் அக்கா. "சடங்கு நாள் வருசா வருசம் மாறும். கோயில்ல கூட்டம் போட்டு, பௌர்ணமி பாத்துக் குறிக்கிற நாள். மிசின் தானாத் திறக்கப்படா. நாங்க சொல்லணும், அவங்க திறக்கணும்."

"வருசம் வருசம் ஆரு அன்ரி சொல்லுற?"

"வண்ணக்கர் உனக்குச் சொல்லுவார். நீ அவங்களுக்குச் சொல்லு. நீ கலியாணம் கட்டிப் போனா அடுத்தவளுக்குச் சொல்லிக் குடுத்திட்டுப் போ."

முகத்தின் படம் இருந்த இடத்தில் என்ன படம் போடுவது என்று கேட்டிருந்தார்கள். துறையில் தொங்கிய திரையையே போடச் சொன்னோம். கணினி மூளைக்கு அந்தப் படத்தைக் காட்டி, இது என்ன என்று வதனி கேட்டாள். 'உலர்த்துவதற்காகக் கொடியில் தொங்கவிட்ட துணி' என்று எழுதியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வதனி எழுதினாள். இப்போதும் அந்தப் பக்கத்தில் அது இருக்கிறது:

'இது திரை. இதற்குப் பின்னால் கண்ணகை அம்மனின் முகம் இருக்கிறது. கூத்துக்கு உரியது அல்ல, கும்பிடுவதற்கு உரியது. வைகாசியில் ஊர் கூடி நாள் குறித்து ஏழு நாள் திறக்கும். மற்ற நாளில் வருகிறவர்கள் திரையைப் பார்த்துவிட்டுப் போங்கள். அதுவும் பார்த்ததுதான்.'

ஊர்ப் பேரை அக்கா எடுக்கச் சொல்லிவிட்டார். பேரைத் தேடித்தானே அந்தக் கொப்பிகளைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த வைகாசியில் கோயில் கதவு திறந்த அதே நாள் காலையில் அங்கேயும் படம் திறந்தது. கட்டாடியார் முதலில் கோயில் திரையை விலக்கினார். பிறகு சனத்தோடு துறைக்கு நடந்துவந்து அந்தத் திரையையும் விலக்கினாராம். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற ஊராக்கள் குளித்துவிட்டுப் போனைத் திறந்தார்கள் என்று வண்ணக்கர் பெருமையாகச் சொன்னார். நான் பார்க்கவில்லை. எனக்கு அது வேண்டியதும் இல்லை. எட்டாம் நாள் காலை வதனி கணினியைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைத் திரையும் சிவப்புக் கரையும்தான் இருந்தன.

ஆனி முடிவில் அக்காவுக்கு வேலைக்காலம் முடிந்தது. அறுபது வயது. சேர் கேக் வாங்கி வெட்டினார். வதனி அழுதாள். பின்னேரம் நான் துறை வரைக்கும் கூடப் போனேன். அதுதான் கடைசி என்று அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரியாது. மார்கழி வெள்ளத்தில் பாதை ஓடாமல் நின்ற கிழமை அவருக்கு நெஞ்சு வலித்தது. செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்ல மனசுக்கு நல்ல இடம் கொடு என்று இறைவனிடம் கேட்டேன். கேட்பதற்கு எனக்கு வாய் இருக்கிறது, கொடுப்பது அவன் வேலை.

வேலை முடிந்த அந்தப் பின்னேரம் துறையில் பாதை வந்து அணைந்தது. நல்லரத்தினம் சத்தம் போட்டார். அக்கா ஏறப் போனவர் திரும்பி வந்து, என் தோளில் கை வைத்து, எட்டு வருசமாக இரண்டு பேரும் பேசாத கதையை முதல் தரமாகப் பேசினார்.

"ஸஹீதா, பின் அறையில ரெண்டாந் தட்டில நாலு துணி துவைச்சு மடிச்சு வச்சிரிக்கன். புதுசா வாறவளுக்கு ஒண்டும் சொல்லாத, சொன்னா கதையாப் போயிரும். நீயே போத்து. தொழுது முடிஞ்ச கையோட எடுத்து விட்டிரு, மறந்திராத. அதுகளும் எவ்வளவு நேரந்தான் மூடிக் கிடக்கும். போய்த்து வாறன் புள்ள."